கம்புக்கு ஒரு கல்லா, தலைக்கு ஒரு கல்லா

ஏழு யூரோ முப்பத்தைந்து சென்ட். நான் தர வேண்டிய கடன் என்று கடைக்காரர் ஒமேர் தன் நோட்டில் எழுதி வைத்திருந்த தொகை அவ்வளவுதான். ஒரு துடைப்பக் கம்பின் விலை. இந்தக் காசுக்காக ஒரு கடை மூன்று வாரம் வாசற்படி இல்லாமல் கிடந்தது என்றால் வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். பெல்ஜியத்தில் எங்கள் கெண்ட் நகரத்து ஆட்கள் எந்தக் கடை என்று மட்டும் கேட்பார்கள். சொன்னதும், "ஓ, அதுவா" என்று பீரை எடுத்துக் குடிப்பார்கள்.

அந்தக் கடையில் துடைப்பம், பிரஷ், கயிறு, ஏணி எல்லாம் கிடைக்கும். தகப்பனார் சாகும்போது ஆளுக்குப் பாதி என்று எழுதிவைத்தார். பிள்ளைகள் அதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். தரையின் நடுவே, வாசலிலிருந்து பின்சுவர் வரை, ஒரு பித்தளைப் பட்டை. இந்தப் பக்கம் அக்கா லுட்கார்ட்: நார், மயிர் உள்ளதெல்லாம் அவருக்கு. அந்தப் பக்கம் தம்பி ஒமேர்: மரமும் கயிறும் அவருக்கு. துடைப்பம் வேண்டுமென்றால் நார்த் தலைக்கு ஒரு கல்லாவில் காசு, கம்புக்கு இன்னொரு கல்லாவில் காசு, இரண்டு ரசீது. பதினோரு வருடமாக இருவருக்கும் பேச்சு கிடையாது. ஆனால் மதியம் மணி பன்னிரண்டு அடித்ததும் லுட்கார்ட் ஒரு கிண்ணம் சூப்பைக் கொண்டுவந்து பட்டையின் மேல் வைப்பார். ஒமேர் எடுத்துக்கொள்வார். காலிக் கிண்ணம் அதே இடத்துக்குத் திரும்பி வரும். எல்லாம் பார்த்துப் பழகியதுதான்.

நான் தெருவில் கல் பதிக்கிறவன். கல்லைப் பதித்து முடித்ததும் சந்துகளில் மணலைக் கூட்டித் தள்ள வேண்டும். அதற்கு இந்தக் கடையின் பனைநார்த் துடைப்பம்தான் சரிப்படும். செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை வாங்கப் போனேன். ஒமேர் மொட்டைமாடியில் தன் பந்தயப் புறா திரும்புவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "எல்லாத்தையும் எங்கிட்டயே குடு, நான் சேத்துடறேன்" என்றார் லுட்கார்ட். பதினாறு எண்பத்தைந்தை எண்ணிக் கொடுத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

நவம்பரில் எங்கள் ஆட்கள் அந்தக் கடை இருக்கும் தெருவைத் தோண்டினார்கள். பழைய நீலக்கல் வாசற்படி உடைந்தது. விரிசல் பட்டைக்கு நேராக ஓடியிருந்தாலாவது ஆளுக்குப் பாதி என்று முடித்திருக்கலாம். அது கோணலாக ஓடித் தொலைந்தது. நகராட்சி புதுக்கல் கொடுத்தது, ஆனால் வீட்டுக்காரர்கள் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். அதுவரை வாசலுக்குக் குறுக்கே தடுப்பு. மூன்று வாரமாகியும் இருவரும் போடவில்லை. வெள்ளிக்கிழமையோடு நாங்கள் வேறு பேட்டைக்குப் போகிறோம், இனி ஏப்ரலில்தான் வருவோம் என்று மேஸ்திரி யோரிஸ் சொல்லிவிட்டார். டிசம்பர் வியாபாரம் போனால் அந்தக் கடை ஏப்ரலைப் பார்க்காது.

வியாழக்கிழமை காகிதத்தை எடுத்துக்கொண்டு, படி இருந்த குழிக்குக் குறுக்கே போட்ட பலகை மேல் ஏறி உள்ளே போனேன். எழுத்துக்கூட்டி முழுவதையும் படித்துக் காட்டினேன். படிப்பு எனக்கு ஐம்பத்தைந்து வயதில் வந்தது. இன்னும் வேகம் வரவில்லை. ஒமேர் கடைசி வரி வரை பொறுமையாகக் கேட்டார்.

"மொதல்ல என் கம்புக் காசு. அப்புறம் கையெழுத்து."

"ஐயா, அத உங்க அக்காகிட்ட அன்னிக்கே குடுத்துட்டேன்."

"எனக்கு அக்கா இருக்கான்னு யாரு சொன்னா?"

நாலடி தள்ளி அந்த அக்கா பிரஷ்களைத் தட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். "கமீல், அந்தப் பக்கம் நிக்கற ஆளுகிட்ட சொல்லு. பதினாலு மாசமா கரண்ட் பில்லுல அவரு பங்கு வரல. கம்புக் காச அதுல பிடிச்சுக்கிட்டேன்."

"போதும் சாமி. நானே இன்னொரு தடவ குடுத்துடறேன்." பர்ஸை எடுத்தேன்.

"குடுத்துப் பாரு. நீ அவருக்குக் குடுத்தா நான் பிடிச்சது தப்புன்னு ஆயிடும். அப்புறம் எங்கிட்ட கையெழுத்து கிடையாது."

பர்ஸ் பாதி திறந்தபடி நின்றேன். கொடுத்தால் இவர் போட மாட்டார், கொடுக்காவிட்டால் அவர் போட மாட்டார். "கட மூடிப் போச்சுன்னா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டேன். "மூடட்டும்" என்று இருவரும் ஒன்றாகச் சொன்னார்கள். சொன்னபிறகு லுட்கார்ட் தடுப்புக்கு வெளியே தெருவைப் பார்த்தார். ஒமேரின் திறந்த நோட்டில் மூன்று வாரத்துப் பக்கம் வெறுமையாக இருந்தது. அதன் மேல் முழங்கையை வைத்து மறைத்துக்கொண்டார்.

ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. என் கடனும் இல்லை, என் கடையும் இல்லை, எனக்கெதற்கு இந்தத் தலைவலி?

வெள்ளிக்கிழமை காலை துடைப்பத்தின் ஆணியைப் பிடுங்கிக் கம்பை உருவினேன். அதை ஒமேரின் மேஜை மேல் வைத்தேன். "வாங்கின பொருளத் திருப்பியாச்சு. இனிமே உங்களுக்கும் எனக்கும் ஒண்ணுமில்ல."

அவர் கம்பைத் தூக்கி ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். நுனியைத் தடவினார். "தேஞ்சிருக்கே."

"ஐயா!"

நான் போட்ட கத்தலில் மாடியில் புறாக்கள் படபடத்தன. ஒமேர் பென்சிலை நாக்கில் தொட்டு என் பெயர் மேல் ஒரு கோடு இழுத்தார். கையெழுத்தும் போட்டார்.

லுட்கார்ட் கணக்கில் நேர்மையானவர். அவருடைய தொல்லையே அதுதான். "கம்பு திரும்பிப் போச்சுன்னா அந்தக் காசு ஒன்னோடது" என்று கல்லாவைத் திறந்து ஏழு முப்பத்தைந்தை என் உள்ளங்கையில் எண்ணி வைத்தார். "கரண்ட் பில்லு அப்படியே நிக்குது, அதையும் அந்த ஆளுகிட்ட சொல்லு." கையெழுத்துப் போட்டார்.

பதினொன்றரைக்குள் படியை இறக்கி மட்டம் பார்த்துவிட்டோம். யோரிஸ் தடுப்பைத் தூக்கி வண்டியில் போட்டார். மணல் கூட்ட வேண்டும். கையில் கம்பில்லாத துடைப்பத் தலை. மண்டியிட்டுத் தேய்க்க ஆரம்பித்தேன்; இரண்டு நிமிடத்தில் இடுப்பு போய்விட்டது. எழுந்து, புதுப்படியில் கால் வைத்து உள்ளே போனேன். மூன்று வாரத்தில் முதல் வாடிக்கைக்காரன் நான்தான்.

"ஒரு கம்பு குடுங்க." அதே ஏழு முப்பத்தைந்தை ஒமேரின் முன் வைத்தேன்.

அவர் அதே கம்பை எடுத்துக் கொடுத்தார். ஒன்று முப்பத்தைந்தை என் பக்கம் தள்ளினார். "பழசு. ஆறு யூரோதான்."

கம்பைத் தலையில் செருகி ஆணி அடித்துக்கொண்டு வெளியே வந்தேன். சந்துகளில் மணல் இறங்கும் வரை குறுக்கும் நெடுக்குமாகக் கூட்டினேன். மணி பன்னிரண்டு அடித்தது. திரும்பிப் பார்த்தேன். பித்தளைப் பட்டையின் மேல், கரண்ட் பில்லுக்கோ என்னவோ, அக்கா பக்கமாகத் தள்ளி அந்த ஆறு யூரோ காசு இருந்தது. யாரும் அதைத் தொடவில்லை. பக்கத்தில் சூப் கிண்ணம் ஆவி விட்டுக்கொண்டிருந்தது.