அய்யாவு இரண்டாம் தடவை படுத்தது

கூலிப் போராட்டம் நடந்த ஆண்டில், பண்ணையார் புதிதாக இறக்கிய டிராக்டருக்கு முன்னால் கையைக் காலை நீட்டிப் படுத்தவர் அய்யாவு. அவர் முகத்தைப் பார்த்ததும் டிராக்டருக்கு உதறல் எடுத்து, பின்பக்கமாகவே வைக்கோல்போர் வரை ஓடிவிட்டது. இது அவரே சொன்னது. மறு வருஷம் சொன்னபோது வலங்கைமான் வரை ஓடியிருந்தது. கோட்டையில் ஆட்சி மாறிய வருஷம் கும்பகோணத்தையும் தாண்டி, திருவிடைமருதூர்க் கோயில் வாசலில் நின்று மூச்சு வாங்கியது.

அப்படிப்பட்டவரின் மகள் அம்சத்துக்குத்தான் திருச்சிப் பக்கம் ஒரு கல்லூரியில் மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் இடம் கிடைத்தது. ஆடி முடிவதற்குள் பணம் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் இடம் வேறு ஆளுக்குப் போய்விடும்.

அய்யாவு டீக்கடையில் உட்கார்ந்து கணக்குப் போட்டார். எதிரே காயாரோகணம், மனைவி தனபாக்கியத்தின் அண்ணன், களத்தில் நெல் அளப்பவர்.

"டீச்சர் படிப்புன்னா ரெண்டே வருசம் மச்சான். முடிச்சாக் குடை புடிச்சுக்கிட்டு பள்ளிக்கூடம் போவலாம். இது நாலு வருசம். எருமை போயிரும். ஒந் தங்கச்சி தோடு போயிரும். அதுக்கும் மேல துண்டு விழுது."

"வரவைச் சொல்லு."

"அதான் தெரியல. பொம்பளப் புள்ளையை எந்தப் பட்டறையில சேப்பான்?"

"அது கெடக்கட்டும். டிராக்டரை மறிச்சவன் மவ டிராக்டர் செய்யப் போவுதான்னு நாலு பேரு சிரிப்பானே, அதை எந்தப் பக்கம் எழுதுவே?"

அய்யாவு அதைச் செலவுப் பக்கம் எழுதினார். தொகை பெரிதாகிவிட்டது.

துண்டு விழுந்ததைத் தெருதான் தர வேண்டும். அதனால் அன்று சாயங்காலம் கொடிமரத்தடியில் விவசாயக் கூலிகளின் சங்கம் கூடியது. மிஷினை உள்ளே விட்டால் நம் கூலி போய்விடும் என்பதுதான் சங்கத்தின் சட்டம். அந்தச் சட்டத்துக்காக அடிவாங்கியவர்களெல்லாம் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அய்யாவு பேச எழுந்தார். துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். அதற்குள் பக்கத்தில் நின்ற அம்சம் பேசிவிட்டாள்.

"அன்னிக்கு அந்த டிராக்டர் ஏன் நின்னுச்சுன்னு யாருக்காச்சும் தெரியுமா?"

"ஒங்கப்பனைப் பாத்து பயந்து" என்றார் காயாரோகணம். கூட்டம் சிரித்தது.

"இல்ல மாமா. அதை ஓட்டுனவரையே கேட்டேன். டீசல் தீந்துபோச்சாம். இன்னும் ஒரு படி டீசல் இருந்திருந்தா எனக்கு அப்பா இல்ல." அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "மிஷின் எப்படி ஓடுது, எப்படி நிக்குதுன்னு தெரிஞ்சவங்கல்லாம் பண்ணை பக்கம் இருக்காங்க. நம்ம பக்கம் படுக்கத் தெரிஞ்சவங்கதான் இருக்கோம்."

சிரிப்பு நின்றது. ஒரு டிராக்டரின் பயத்தை, தான் பெற்ற மகளே சபையில் மறுத்துப் பேசுவாள் என்று அய்யாவு எதிர்பார்க்கவில்லை. தனபாக்கியம் தோட்டைக் கழற்றி மகள் கையில் வைத்தாள்.

காயாரோகணம் எழுந்து வேட்டியைத் தட்டினார். "நிறுத்தத் தெரிஞ்ச ஆளு நமக்கு ஒண்ணு வேணும்யா. வீட்டுக்கு ஒரு மரக்கால் நெல்லு கொண்டாங்க."

ஆடி மாதத்தில் அந்தத் தெருக் குதிர்களில் எலிகூடப் பட்டினி கிடந்து ஊரைவிட்டுப் போய்க்கொண்டிருக்கும். ஆனாலும் வந்தது. சில வீட்டு நெல்லில் பாதி விதைநெல் என்பது அய்யாவுக்குப் பார்த்ததுமே தெரிந்தது. களத்தில் முதல் மரக்காலை ஒன்று என்று சொல்லும் வழக்கமில்லை; லாபம் என்றுதான் தொடங்குவார்கள். வீட்டுக்கு ஒரே மரக்கால் என்பதால் காயாரோகணம் ஒவ்வொரு வீட்டுக்கும் "லாபம்" என்று புதிதாகத் தொடங்கி, இரண்டுக்குப் போகவே இல்லை. அய்யாவு கொடிமரத்துக்கு அந்தப் பக்கம் போய் மூக்கைச் சிந்திவிட்டு வந்தார். ஆடிக்காற்றில் தூசி என்றார்.

நாலு வருஷம் வீட்டில் வரக்காப்பிதான். அம்சத்துக்குக் கோயம்புத்தூரில் பம்பு செய்கிற கம்பெனியில் வேலை கிடைத்தது. முதல் தீபாவளிக்கு வந்தவள், அப்பாவோடு வீடு வீடாக ஏறி நெல்லுக்கான பணத்தை நீட்டினாள். ஒருவரும் வாங்கவில்லை.

"குடுத்த நெல்லைத் திருப்பி வாங்க நாங்க என்ன பேங்கா?" என்று காயாரோகணம் கதவைச் சாத்திக்கொண்டார்.

அதனால் அய்யாவுவின் கணக்கு முடியாமலே கிடந்தது.

பிள்ளைகள் திருப்பூருக்குப் போய் உழவுக்கு ஆள் கிடைக்காமல் போன காலத்தில், சங்கமே ஒரு பழைய டிராக்டர் வாங்கியது. வந்த வாரமே படுத்துக்கொண்டது. அம்சம் லீவு போட்டு வந்தாள். தெருவே சுற்றி நிற்க, இரண்டு நாள் அதன் வயிற்றுக்குள் கையை விட்டுக் கிடந்தாள். மூன்றாம் நாள் அது புகை கக்கி உறுமியது. பிரேக்கைச் சோதிக்க அவளே ஏறி உட்கார்ந்தாள்.

அய்யாவு துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டு, களத்தின் நடுவில் போய் நீட்டிப் படுத்தார்.

"அப்பா! எந்திரிங்க!"

"டீசல் இருக்கா?"

"தொட்டி நெறைய இருக்கு. எந்திரிங்கன்னா!"

"அப்ப வா."

தனபாக்கியம் சேலைத்தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். டிராக்டர் நத்தைபோல வந்தது. அவர் காலுக்கு ஒரு கோல் தூரத்தில் நின்றது. இன்ஜின் ஓடிக்கொண்டேயிருந்தது.

அய்யாவு எழுந்து முதுகு மண்ணைத் தட்டினார். சுற்றி நின்ற ஒவ்வொரு வீட்டாரையும் பார்த்துக் கை கூப்பினார். "விதைநெல்லை அள்ளிக் குடுத்தீங்க. பாத்துக்கங்க. டீசல் இருந்தும் நிக்குது. எங்கணக்கு நேராயிருச்சு."

"சரி மச்சான்" என்றார் காயாரோகணம், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "அப்ப திருவிடைமருதூர் வரைக்கும் ஓடிப்போனது?"

"அது வேற டிராக்டரு" என்றார் அய்யாவு.