பிரிட்ஜுக்கு ஏணி

சம்பந்தம் பேச வந்தவர்களைக் கைகொடுத்துக் கட்டிலில் ஏற்றிவிட்ட வீடு அநேகமாக அது ஒன்றாகத்தான் இருக்கும். உட்கார வைத்தார்கள் என்று சொன்னால் பொய்யாகிவிடும். ஏற்றித்தான் விட்டார்கள்.

இந்த வருஷம் மழை வழக்கத்தைவிட இரண்டு மடங்கு கொட்டப்போகிறது என்று டிவியில் சொன்னதிலிருந்து அந்த வீட்டுக்காரரான லாரி மெக்கானிக்குக்கு இருப்புக் கொள்ளவில்லை. போன வருஷம் கணுக்காலுக்கு மேல் தண்ணீர் வீட்டுக்குள் வந்து விருந்தாடி மாதிரி தங்கிவிட்டுப் போனதை அவர் மறக்கவில்லை. லாரிப் பட்டறையில் இன்ஜின் தூக்குகிற சங்கிலிக் கப்பியைக் கொண்டுவந்து கூடத்து உத்திரத்தில் மாட்டினார். கட்டில், பீரோ, வாஷிங் மெஷின் எல்லாவற்றுக்கும் அடியில் செங்கல் அடுக்கினார். பிரிட்ஜுக்கு நெஞ்சு உயரத்தில் ஓர் இரும்பு மேடை அடித்து அதன்மேல் நிறுத்தி, ஏறுவதற்கு ஓர் ஏணியும் சாய்த்து வைத்தார். நாற்காலிகள் பரணுக்குப் போய்விட்டன. அவற்றுக்கு முன்னால் அரிசி மூட்டை, பாத்திர மூட்டை, துணி மூட்டை என்று அடைத்தாகிவிட்டது.

இரண்டு நாள் அக்கா வீட்டில் இருந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை காலை திரும்பிய அவர் மனைவி, தெருவுக்கெல்லாம் டெய்லரம்மா, தன் தையல் மெஷின் மேசைமேல் ஏறி நிற்பதைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டாள். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. வானத்தில் பேருக்குக்கூட ஒரு மேகம் இல்லை.

"என்னங்க இது?"

"தண்ணி வந்தா தொடாது."

"இன்னைக்கு யாரு வர்றாங்கன்னு ஞாபகம் இருக்கா?"

"ஏன் இல்லாம? அதான் கட்டில்ல புது விரிப்பு போட்டு வச்சிருக்கேன்."

கையிலிருந்த பையை அங்கேயே போட்டுவிட்டு உள்ளே வந்தாள். மகளும் அவளோடு வேலை பார்க்கும் பையனும் ஒருவரையொருவர் விரும்பி வருஷம் ஒன்றாகிறது. பையனுக்கு அப்பா இல்லை. அம்மா சரி என்றால் கல்யாணம், வேண்டாம் என்றால் அவ்வளவுதான். அந்த அம்மா பெரிய ஆஸ்பத்திரியில் மேட்ரனாக இருந்து ஓய்வு பெற்றவர். படுக்கை விரிப்பில் ஒரு சுருக்கம் கண்டால் நோயாளியையே எழுப்பிவிட்டு மறுபடி விரிக்கச் சொல்வாராம். "வீட்டை எப்படி வச்சிருக்காங்கன்னுதான் அம்மா முதல்ல பார்ப்பாங்க" என்று பையன் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். மகள் காலையிலிருந்து அறையைவிட்டு வெளியே வரவில்லை.

ஒரு நாற்காலியாவது எடுக்கலாம் என்று டெய்லரம்மா ஏணியைப் பரண் பக்கம் நகர்த்தப் போவதற்குள் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

கஞ்சி போட்ட சேலையில் மேட்ரன் விறைப்பாக உள்ளே வந்தார். கூடத்தைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். மெக்கானிக் கைகொடுக்க, கட்டிலில் ஏறி உட்கார்ந்தார். பக்கத்தில் பையன். இருவர் காலும் தரைக்கு எட்டாமல் தொங்கின. எதிரே ஏணி. ஏணிக்கு மேலே பிரிட்ஜ். அதற்குள்தான் பாலும், அவள் வாங்கி வைக்கச் சொன்ன கேக்கும் இருந்தன. அந்த அம்மாள் பார்த்துக்கொண்டிருக்க, சேலையைச் செருகிக்கொண்டு ஏணி ஏறுவதைவிட மானத்தோடு இருப்பது மேல் என்று முடிவு செய்த டெய்லரம்மா, பாலில்லாத டீயைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"நாங்க பால் சேர்க்கிறதில்லைங்க."

"ஏன், மேல ரெண்டு பாக்கெட் இருக்கே" என்றார் மெக்கானிக்.

அவரைப் பார்வையாலேயே எரித்தாள். எரிகிற ஆள் இல்லை அவர்.

மேட்ரன் டீயை மடக்மடக்கென்று குடித்துவிட்டுக் குனிந்து பார்த்தார். "செங்கல் எத்தனை வரிசை சார்?"

"நாலு. போன தடவை ரெண்டு வரிசை அளவுக்கு வந்துச்சு. இந்தத் தடவை கூடுதலா இருக்கட்டும்னு..."

"பிரிட்ஜை யார் தூக்கினது?"

"கப்பிதான். நான் சங்கிலியை மட்டும் இழுத்தேன்."

மேட்ரன் கட்டிலிலிருந்து குதித்தார். பீரோவை ஆட்டிப் பார்த்தார். மேடையின் காலைத் தட்டிப் பார்த்தார். பிறகு கேட்காமல் கொள்ளாமல் சமையலறைக்குள் போய்விட்டார். போச்சுடா என்று டெய்லரம்மா பின்னாலேயே ஓடினாள். மகளும் அறைக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

"சார், இங்க வாங்க" என்று அதட்டல் வந்தது. "இத்தனை செஞ்சீங்க. கேஸ் சிலிண்டரை அப்படியே தரையில விட்டிருக்கீங்களே."

மெக்கானிக்கின் முகம் தொங்கிவிட்டது. "அது கனம்தானே... எங்க போயிடப் போகுது?"

"பாதி காலியானா மிதக்கும். போன வருஷம் எங்க வீட்ல மிதந்துச்சு. நானும் இவனும் சாப்பாட்டு மேசை மேல ஏறி உட்கார்ந்திருந்தோம். இருட்டுல அது வந்து வந்து கதவுல மோதிக்கிட்டே இருந்துச்சு. இன்னமும் கதவை யாராவது தட்டினா எனக்குத் தூக்கிப்போடுது." அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. "மழைன்னு சொன்னதும் பயமா இருக்கு சார். எங்க ஆரம்பிக்கிறதுன்னு தெரியாம ஒண்ணுமே செய்யாம உட்கார்ந்திருக்கேன்."

டெய்லரம்மாவுக்கு அதுவரை இருந்த பயம் போய், அந்த அம்மாளின் மேல் பாசமே வந்துவிட்டது.

மெக்கானிக் ஒரு துண்டுச் சங்கிலியும் கொக்கியும் எடுத்து வந்தார். இருவரும் சமையலறைத் தரையில் மண்டியிட்டு, சிலிண்டரைச் சுவரோடு சேர்த்துக் கட்டினார்கள். "இன்னும் இறுக்குங்க", "போதும்மா, நசுங்கிடும்" என்று ஒரே சண்டை. கல்யாணத்தைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை. கூடத்தில் பையனும் மகளும் விழித்துக்கொண்டு நின்றார்கள்.

கையைக் கழுவிக்கொண்டு மேட்ரன் வாசலுக்கு வந்து செருப்பை மாட்டினார். டெய்லரம்மாவுக்கு வாய்விட்டுக் கேட்கவும் முடியவில்லை, கேட்காமல் விடவும் மனசில்லை.

"அப்ப, சம்பந்தி" என்றார் மேட்ரன், மெக்கானிக்கைப் பார்த்து. "அடுத்த ஞாயித்துக்கிழமை அந்தக் கப்பியை எடுத்துக்கிட்டு எங்க வீட்டுக்கு வந்துடுங்க."

"உங்க வீட்டு உத்திரம் இரும்பா, கான்கிரீட்டா?" என்றார் மெக்கானிக். அவர் காதில் கப்பி மட்டும்தான் விழுந்திருந்தது.

மகள் காதில் சரியாக விழுந்துவிட்டது. கதவுக்குப் பின்னால் மறைந்து நின்று சிரித்தாள். பையன் தன் அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"செருப்பைக் கழட்டுங்க, சம்பந்தி. கேக் இருக்கு" என்றாள் டெய்லரம்மா. சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு ஏணியில் கால் வைத்தாள். ஏணி லேசாக ஆடியது.

மேட்ரன் வந்து அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "நான் பிடிச்சுக்கறேன். நீங்க ஏறுங்க."