மூன்றாவது ஜாடி

ஜூலையில் ஒரு மத்தியானம், கருத்துக்கணிப்புக்காரர்கள் ஆள் தெரியாமல் வேட்பாளர் வீட்டுக்கே போன் போட்டுவிட்டார்கள்.

"ஆளுநர் தேர்தல்ல உங்க ஓட்டு யாருக்குங்க? ரீவ்ஸுக்கா, கிரேலுக்கா?" என்றாள் ஒரு பெண்.

"வெர்லீன் ஹாக்ஸ்டாட்டுக்கு."

"அப்படி யாரும் லிஸ்ட்ல இல்லீங்களே. 'மற்றவர்'னு போட்டுக்கவா?"

"போட்டுக்கம்மா. அந்த மற்றவர்தான் பேசறேன்."

முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள் வெர்லீன். அவளுக்கு இந்த வயதில் அரசியல் என்ன வேண்டியிருக்கிறது என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவளிடம் ஒரே பதில்தான். மாவட்ட ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டை இழுத்து மூடிவிட்டார்கள். போன ஜனவரியில் மருமகள் ஷெல்பிக்கு வலி எடுத்தபோது அடுத்த ஆஸ்பத்திரி எண்பது மைல் தள்ளி இருந்தது. நாற்பதாவது மைலில், கொட்டுகிற பனியில், பிக்கப் வண்டியின் சீட்டில் பேரன் பிறந்தான். நனைந்த கோட்டில் பிள்ளையை ஏந்தியவள் வெர்லீன்தான். 

அங்கே மாநிலத்தை ஆளுகிறவர் ஆளுநர்தான், அவரையும் மக்களே தேர்ந்தெடுப்பார்கள். இப்போதைய ஆளுநர் ரீவ்ஸ் வார்டுகளை மூடினார். எதிர்த்து நிற்கும் கிரேல் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. இரண்டு பேரையும் மாநிலமே பார்க்க நிறுத்திக் கேட்க வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு. அதற்கு இருந்தது ஒரே ஒரு மேடை: செப்டம்பரில் ப்ளூ மெடோ டிவி நடத்தும் விவாதம். அதில் ஏறக் கருத்துக்கணிப்பில் பத்து சதவீதம் வேண்டும். கணிப்பிலோ அவள் பெயரையே கேட்பதில்லை. நீச்சல் கற்ற பிறகுதான் தண்ணீரில் இறங்கலாம் என்ற கதை.

டிவிக்காரர்கள் அனுப்பிய கடிதத்தை அவள் கணவன் ஆர்லோ நாலு தடவை படித்தான். மக்காச்சோளம் விதைத்து அறுத்தே காலத்தை ஓட்டியவன், நாளுக்கு நாற்பது வார்த்தை பேசினால் அதிகம்.

"'எங்கள் நிலையம் நடத்தும் ஏதேனும் ஒரு கணிப்பில்'னு எழுதியிருக்கான். ஏதேனும்னு போட்டிருக்கான், பாரு."

"அதுக்கென்ன?"

"பொருட்காட்சியில ஜாடி வைக்கிறது யாரு?"

வெர்லீன் கரண்டியைக் கீழே வைத்தாள்.

ஆகஸ்ட் பொருட்காட்சியில் வருடா வருடம் ப்ளூ மெடோ டிவி ஒரு கடை போடும். வேட்பாளருக்கு ஒரு கண்ணாடி ஜாடி. வருகிறவர் கையில் ஒரு மக்காச்சோள மணி கொடுப்பார்கள், பிடித்தவர் ஜாடியில் போடலாம். 'எங்கள் சோளக் கணிப்பு' என்று ராத்திரிச் செய்தியில் பெருமையாகச் சொல்வார்கள். வாக்குச்சீட்டில் பெயர் உள்ளவள் என்பதால் மூன்றாவது ஜாடியைக் கேட்டு வாங்கினாள் வெர்லீன். நிலைய மேலாளர் பெல்லமி சிரித்துக்கொண்டே சம்மதித்தார். ஆழம் தெரியாமல் காலை விட்டார் மனுஷர்.

பத்து நாளும் அவள் வெயிலில் நின்றாள். குச்சியில் செருகிய பன்றிக்கறியைக் கடித்தபடி வந்தவர்களில் பாதிப் பேர் அவள் பஸ்ஸில் ஏறி இறங்கியவர்கள்.

"ஏய் டட்லி, ஆறாங்கிளாஸ்ல என் பஸ்ல வாந்தி எடுத்தியே, ஞாபகம் இருக்கா?"

"அய்யோ, எம் பொண்டாட்டி நிக்கிறா. மணியை எதுல போடணும், சொல்லுங்க!"

கடைசி நாள் மாலை விதை எண்ணும் இயந்திரத்தைக் கொண்டுவந்து மேடையில் வைத்தார்கள். ரீவ்ஸ், நாலாயிரத்து முந்நூறு. கிரேல், நாலாயிரத்துத் தொள்ளாயிரம். வெர்லீன், தொள்ளாயிரத்து அறுபத்திரண்டு.

"ஒன்பதரை சதவீதம்" என்றார் பெல்லமி. "அரைதாம்மா குறையுது. ஆனா விதி விதிதான்."

அழக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள் வெர்லீன். ஆர்லோ மட்டும் கிரேல் ஜாடிக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளி வெளிச்சத்தில் பார்த்தான்.

"வெர்லீன், இது பாப்கார்ன்."

கூட்டம் வெடித்துச் சிரித்தது. கடையில் கொடுத்த வயல் சோளம் தட்டையானது, உச்சியில் குழி விழுந்திருக்கும். பாப்கார்ன் மணி சின்னது, உருண்டை, பளபளப்பு. கிரேலின் ஆட்கள் தலைநகரத்துப் பிள்ளைகள். சோளம் என்றால் எல்லாம் ஒன்றுதானே என்று மளிகைக் கடையில் பை பையாக வாங்கிக் கொட்டியிருக்கிறார்கள். அதுவும் சோளக்காரர்கள் நடுவே! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான்.

பக்கத்து விதைக் கடையிலிருந்து சல்லடை வந்தது. "முதல்ல எங்க ஜாடி" என்றான் ஆர்லோ. சலித்தபோது சின்ன மணியாக மூன்று விழுந்தன. யாரும் முணுமுணுக்கும் முன்பே, "அதைக் கழிச்சிருங்க" என்றாள் வெர்லீன். ரீவ்ஸ் ஜாடியில் நாலு. கிரேல் ஜாடியில் மழை மாதிரி கொட்டியது, ஆயிரத்து இருநூற்றுப் பத்து. மொத்தம் சுருங்கியதும் அவள் பங்கு பத்து புள்ளி ஏழுக்கு ஏறியது.

பெல்லமி தொண்டையைச் செருமினார். "இங்க பாருங்க, இது சும்மா ஒரு விளையாட்டு..."

"இருபது வருஷமா செய்தியில சொன்னீங்களே, அப்பவும் விளையாட்டா?" பின்னாலிருந்து டட்லியின் மனைவி கேட்டாள். "இன்னைக்கு ராத்திரியும் அதையே சொல்லிடுங்க, பார்ப்போம்!"

சுற்றி நாலாயிரம் பேர் நின்றார்கள். எல்லோர் வீட்டிலும் டிவி இருக்கிறது. பெல்லமி கையை நீட்டினார். வெர்லீன் அதைப் பிடித்துக் குலுக்கிய குலுக்கில் மனுஷருக்குத் தோள் வலித்திருக்கும்.

செப்டம்பரில் அந்த மேடையில் மூன்றாவது மைக் வைத்தார்கள். முதல் கேள்வி வரிகளைப் பற்றி. இருவரும் அழகாகப் பேசினார்கள். அவள் முறை வந்தது.

"எம் பேரன் வண்டியில பொறந்தான்" என்றாள். "ஆளுநரய்யா, வார்டை ஏன் மூடுனீங்க? கிரேல் தம்பி, நீங்க வந்தா திறப்பீங்களா? ஆமாவா இல்லையா, ஒரு வார்த்தை போதும்."

இருவரும் ஒரே நேரத்தில் தண்ணீர்க் கோப்பையைத் தேடினார்கள். அதை மாநிலமே பார்த்தது. நான்காம் நாள் கிரேல் 'திறப்பேன்' என்றார். ஐந்தாம் நாள் ரீவ்ஸும் சொல்லவேண்டி வந்தது.

ஆறாம் நாள் மத்தியானம் போன் அடித்தது. அதே பெண் குரல்.

"ஆளுநர் தேர்தல்ல உங்க ஓட்டு யாருக்குங்க? ரீவ்ஸுக்கா, கிரேலுக்கா, ஹாக்ஸ்டாட்டுக்கா?"

வெர்லீன் இடுப்பில் பேரன் இருந்தான். போனை ஒலிபெருக்கியில் போட்டு, வயலிலிருந்து வந்த ஆர்லோவைக் கையசைத்துக் கூப்பிட்டாள்.

"காது சரியா கேக்கலம்மா" என்றாள். "அந்தப் பேருங்களை இன்னொரு தடவை படி."