கையெழுத்தில்லாத இருநூறு தாள்கள்

"எதுக்கு ஒவ்வொரு செவ்வாயும் இங்க வந்து கடைசி வரிசையில உட்காந்து எழுதிக்கிட்டே இருக்கே?" என்று பல்கலைக்கழக ஆய்வாளர் டாக்டர் மார்கோ வெல்டன் ஒருமுறை என்னிடம் கேட்டார்.

லார்ச்ஃபீல்ட் நகரமன்றக் கூட்டம் அது. என் அம்மா அந்தக் கட்டடத்தில் மாலை நேரத் துப்புரவு வேலை பார்த்தாள். வீட்டில் ஒரே கார்தான், அவள் முடித்து வரும்வரை நான் எங்காவது உட்கார்ந்திருக்க வேண்டும். மன்றக் கூடத்தில் ஹீட்டர் நன்றாக வேலை செய்தது. பதினொன்றாவதில் பள்ளியை விட்ட பெண்ணை அங்கே யாரும் எதுவும் விசாரிப்பதில்லை. இதையெல்லாம் அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. நோட்டை மூடவும் மறந்துவிட்டேன். அவர் நின்றபடியே இரண்டு பக்கம் படித்துவிட்டு, "என்கிட்ட வேலைக்கு வர்றியா?" என்றார்.

அவருடைய ஆய்வு எங்கள் ஊர்க்காரர்களைப் பற்றியது. மன்றத்தில் பேச விரும்புகிறவர் வாசலில் ஒரு அட்டையை எடுத்து, பெயர் எழுதி, மேஜையில் கொடுக்க வேண்டும். முறை வந்தால் மைக் முன்னால் மூன்று நிமிடம்; முடிந்ததும் மணி அடித்து நிறுத்திவிடுவார்கள். பாதிப்பேர் அட்டையை எடுப்பார்கள், கொடுக்காமலே போய்விடுவார்கள். ஏன் என்பதுதான் கேள்வி. பல்கலைக்கழகம் இரண்டு வருடத்துக்கு நிதி ஒதுக்கியிருந்தது. ஆனால் முதல் வருட வேலையைப் பார்த்துவிட்டுத்தான் இரண்டாம் வருடத்துக்குக் கொடுப்பார்கள்.

களத்தில் நாங்கள் இரண்டு பேர். இன்னொருவர் ஹார்லன் ப்ரூயிட், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். அட்டையைக் கொடுத்துப் பேசியவர்கள் அவர் பங்கு. பேசாமல் போனவர்கள் என் பங்கு. அவர்களை வெளியே நிறுத்தி, சம்மதத் தாளில் கையெழுத்து வாங்கி, ஏன் போகிறீர்கள் என்று கேட்க வேண்டும். கையெழுத்து வாங்காமல் ஒருவரிடம் ஒரு கேள்வி கேட்டாலும் ஆய்வே செல்லாது என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். இருநூறு தாள்கள் கொண்ட பெட்டி ஒன்றை என்னிடம் தந்தார்கள்.

முதல் வாரம் ஒரு பெண்மணியின் பின்னால் கார் நிறுத்தும் இடம் வரை போனேன். அவர் திரும்பிப் பார்த்தார். நான் குனிந்து ஷூ லேஸைக் கட்டினேன். இரண்டாம் வாரமும் அதே கதை. அதற்குப் பிறகு நான் எழுந்திருக்கவே இல்லை. உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்ததை மட்டும் எழுதி, மாதாமாதம் டைப் செய்து கொடுத்தேன். நேர்காணல்கள் தனியாகச் சேர்கின்றன என்று டாக்டர் நினைத்துக்கொண்டார். நானும் சொல்லவில்லை. ஒரு வருடம் போய்விட்டது.

பிப்ரவரியில் பல்கலைக்கழக நிதி அலுவலகத்திலிருந்து முதல் வருட வேலையைச் சரிபார்க்க வெர்னா ஆஸ்ட்லி வந்தார். எங்கள் அலுவலகம் ஒரு சலவைக்கடையின் மாடியில் இருந்தது. கீழே காசு போட்டுத் துணி உலர்த்தும் டிரையர்கள் ஓட, மேலே தரை கதகதவென்றிருக்கும். வெர்னா கோட்டைக்கூடக் கழற்றாமல் என் பெட்டியைத் திறந்தார். பத்துத் தாளைப் புரட்டினார். பிறகு அடியிலிருந்து பத்து.

"எல்லாம் வெறுந்தாளா இருக்கே?"

டாக்டர் சிரித்தார். "வேற பெட்டியா இருக்கும். ட்வைலா, கையெழுத்து போட்டதெல்லாம் எங்கம்மா?"

"இல்ல."

"இல்லன்னா? வீட்டுல இருக்கா?"

"யார்கிட்டயும் வாங்கல."

டாக்டர் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். மெதுவாக உட்கார்ந்தார். "ஒரு வருஷம், ட்வைலா. இதுக்கு மேல நான் எதைக் காட்டி நிதி கேப்பேன்?"

"அடக் கடவுளே!" என்று தலையில் கைவைத்தார் ஹார்லன். "பக்கத்துலயே உட்காந்திருந்தேனே, பொண்ணே! ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஊரையே வரிசையில நிக்கவச்சு வாங்கித் தந்திருப்பேனே! எங்கிட்டதான் பேனா இருக்கே, வாய் இருக்கே!"

"உங்க பதிவையும் கேட்டேன், மிஸ்டர் ப்ரூயிட்" என்றார் வெர்னா. "கையெழுத்து எல்லாம் பக்கா. ஆனா நாப்பது நிமிஷப் பதிவுல முப்பத்தஞ்சு நிமிஷம் நீங்கதான் பேசுறீங்க."

"மிச்சம் அஞ்சு நிமிஷம் அவங்க பேசுறாங்கல்ல?"

"அதுல ரெண்டு நிமிஷம் உங்க இருமல்."

யாரும் சிரிக்கவில்லை. பள்ளியை முடிக்காதவளை ஏன் எடுத்தீர்கள் என்று இப்போது கேட்பார்கள் என்று காத்திருந்தேன். வேலை போவதைவிட, டாக்டர் அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்குமே என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

வெர்னா என் பக்கம் திரும்பினார். "பயப்படாம சொல்லு. அவங்கள்ல யார்கிட்டயாவது ஏதாவது கேட்டியா?"

"இல்ல."

"ரெக்கார்டர்ல எதையாவது பதிஞ்சியா? போட்டோ?"

"இல்ல."

"பேர் எழுதியிருக்கியா? ஒருத்தர் பேராவது?"

"கேக்கக் கூச்சமா இருந்துச்சு."

அவர் நான் டைப் செய்த தாள்களை எடுத்து நடுவிலிருந்து சத்தமாகப் படித்தார். "மூன்றாம் வரிசை, பச்சைத் தொப்பி. தலைவர் 'மூன்றே நிமிடம்' என்றதும் அட்டையை இரண்டாக மடித்தார். முன்னால் பேசியவரை மணி அடித்து நிறுத்தியதும் நான்காக மடித்தார். ஏழு இருபதுக்கு எழுந்து போனார்." பக்கம் பக்கமாகத் தள்ளினார். "இது எத்தனை பேர்?"

"நூத்திப் பதினேழு. அதுல அறுபத்து மூணு பேர் மணி அடிச்ச உடனே போனவங்க."

வெர்னா கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார்.

"மார்கோ, மன்றக் கூட்டம் யாரும் வரலாம்னு கதவு திறந்துவச்ச கூட்டம். இந்தப் பொண்ணு யாரையும் தொந்தரவு பண்ணல, கேள்வி கேக்கல, ஆளை அடையாளம் காட்டல. வெறுமனே பார்த்ததுக்குக் கையெழுத்து தேவையில்ல. விதியிலயே இருக்கு. ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தா இந்நேரம் மொத்தமும் குப்பைக்குப் போயிருக்கும்."

"அப்ப நேர்காணல்?"

"அது நடக்கல. முறையை மாத்திட்டோம்னு ஒரு பக்கம் எழுதிக் குடுங்க, நிதிக் குழுவுல வைக்கிறேன். மணி அடிச்சா எழுந்து போறாங்கன்னு எந்த நேர்காணல்லயும் யாரும் சொல்லமாட்டாங்க. அவங்களுக்கே தெரியாது. இரண்டாம் வருஷத்துக்கு நான் சரின்னு எழுதப்போறேன். ஆனா ட்வைலா, இன்னொரு தடவை வேலை நடக்கலன்னா வாயைத் திறந்து சொல்லணும். புரியுதா?"

தலையாட்டினேன்.

"வாயைத் திறந்து!"

"சரிங்க."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். "காலையிலேருந்து எதுவும் சாப்பிடல" என்று சொல்லி மேஜையிலிருந்த டோனட் பெட்டியைத் திறந்து, நின்றபடியே இரண்டு தின்றார். விரலெல்லாம் சர்க்கரை. கீழே யாரோ டிரையரில் காசு போடும் சத்தம் கேட்டது. எனக்கு அது ரொம்ப நல்ல சத்தமாகப் பட்டது.

"ஹார்லன், நீங்களும் அடுத்த வருஷம் உண்டு" என்றார் டாக்டர். "ஆனா கேள்வியைக் கேட்டுட்டு வாயை மூடிக்கணும்."

எல்லோரும் ஹார்லனைப் பார்த்தோம். ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தோம். அவர் வாயைத் திறந்தார், மூடினார். மேஜையை விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டினார். கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, தொப்பியை எடுத்து மாட்டி, ஒரு வார்த்தை பேசாமல் படியிறங்கிப் போனார்.