பதினாறு விரல் பாக்கி

கொளஞ்சியின் வாக்கு தலைக்கு நூற்றிருபது ரூபாய்க்கு விலைபோனது. அவளைக் கேட்டிருந்தால் கோடி கொடுத்தாலும் அது விற்பனைக்கு இல்லை என்றுதான் சொல்லியிருப்பாள். ஆனால் உடைமைக்காரிக்கே தெரியாமல் உடைமையை விற்றுக் காசு பார்ப்பதில்தானே தரகனுடைய சாமர்த்தியம் இருக்கிறது.

மரக்காணம் உப்பளத்தில் அவளுக்கு அம்பாரத்து வேலை. பாத்திகளில் வாரிய உப்பைப் பெண்கள் கூடை கூடையாகத் தலையில் சுமந்து வந்து குவியலில் கொட்டுவார்கள். கொளஞ்சி அடியில் நின்று எண்ணுவாள். பத்துக் கூடைக்கு ஒரு கிளிஞ்சலை அலுமினியச் சட்டியில் போடுவாள். மாலையில் சட்டியைக் கவிழ்த்துக் கிளிஞ்சலை எண்ணினால் அதுதான் அன்றைய கூலிக் கணக்கு. அளத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்த கன்னியப்பன் தன் சட்டைப் பையில் உள்ள சில்லறையையே இரண்டு தரம் எண்ணுகிற ஆள். அவர்கூட அந்தச் சட்டியை எண்ணியதில்லை. சுமக்கிற இருபத்திரண்டு பெண்களும் எண்ணியதில்லை. கொடுக்கிறவனும் வாங்குகிறவனும் ஒருசேர நம்புகிற தராசு எந்தக் கடையிலும் கிடைக்காத சாமான்.

அப்பேர்ப்பட்டவள்தான் ஜெயசீலனைப் பார்த்து, "நல்ல மனுஷனாத்தான் தெரியறாரு" என்று சொல்லிவிட்டாள்.

அது 2005 சித்திரை மாதம். கடல் ஊருக்குள் வந்து போய் நாலு மாதம் ஆகியிருந்தது. அந்த நாலு மாதத்தில் அட்டையும் பேனாவுமாக யாராவது வந்து வாசலில் நிற்காத நாளே கிடையாது. கூரை ஓலையா ஓடா, குடும்பத்தில் எத்தனை பேர், கொசுவலை வந்ததா என்று கேட்டார்கள், எழுதினார்கள், சிலர் கொடுக்கவும் கொடுத்தார்கள். கடலுக்குப் போகிறவர்களுக்குப் படகும் வலையும் வந்தன. பாத்தியில் ஏறிய சேற்றை மாதக்கணக்கில் வழித்துப் போட்ட உப்பளத்துக்காரர்களை மட்டும் உங்களுக்கு என்ன வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆகவே டி.வி.எஸ். ஐம்பதில் இந்த ஜெயசீலன் வந்து இறங்கி அதைக் கேட்டபோது, அவனுக்காகவே காத்திருந்த மாதிரி கதவுகள் திறந்தன.

கடலோர உப்புத் தொழிலாளர் மறுவாழ்வு மையம் என்று அவன் பையில் அச்சடித்திருந்தது. மழை பிடித்துக்கொண்டால் மூன்று மாதம் உப்பளத்தில் வேலை இல்லை அல்லவா, அந்த மூன்று மாதமும் மாதம் ஐந்நூறு ரூபாய் உதவித்தொகை என்றான். அட்டை போட நூற்றிருபது. வீட்டுக்கு வீடு நின்று சொன்னான். வீட்டுக்கு வீடு, கொளஞ்சி அக்காவைக் கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள். பாத்தி பாத்தியாகத் தண்ணீர் கட்டுவதைவிட மடையைத் திறப்பது சுலபம் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. நேராக மடைக்கே வந்தான். வாசலில் செருப்பைக் கழற்றினான், ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடித்தான், உப்பு விலையைப் பற்றி வருத்தப்பட்டான். கொளஞ்சி தன் வாக்கைக் கொடுத்தாள். இருபத்திரண்டு பேர் ஆளுக்கு நூற்றிருபது கொடுத்து, மசிப் பெட்டியில் கட்டைவிரலை அமுக்கி, ரசீது வாங்கிக்கொண்டார்கள். மொத்தமும் அரை மணி நேரத்தில் முடிந்தது.

மூன்றாம் வாரம் சின்னப்பாப்பா பாங்கில் பணம் எடுக்கப் போனாள். கூட்டத்திலேயே இளையவள், புருஷன் இல்லாதவள், துணைக்குக் கொளஞ்சியும் போனாள். பாங்கில் வழக்கமான கூத்து நடந்தது. வருஷக்கணக்காக உப்புத் தண்ணீரில் கிடக்கிற விரலில் ரேகை தேய்ந்து, கட்டைவிரல் கூழாங்கல் மாதிரி வழவழவென்று ஆகிவிடும். மசியில் அமுக்கிக் காகிதத்தில் வைத்தால் ஒரு கறுப்பு வட்டம் விழும், அவ்வளவுதான். பாங்குக்காரர் காகிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"ஏம்மா, இது விரலா புளியங்கொட்டையா?"

சோப்புப் போட்டுக் கழுவிவரச் சொன்னார். எண்ணெய் தடவித் துடைக்கச் சொன்னார். இடது விரல், வலது விரல், மறுபடியும் இடது. நாலு தரம் வைத்தும் அதே வட்டம்தான். இரண்டு நாள் வேலைக்குப் போகாமல் இருந்துவிட்டு வா என்று அனுப்பிவைத்தார். அவர்மேலும் குற்றமில்லை. யார் விரல் என்று தெரியாமல் யார் பணத்தையும் எடுத்துக் கொடுக்க முடியுமா?

பாங்குப் படியில் இறங்கும்போது கொளஞ்சிக்குக் கால் அப்படியே நின்றுவிட்டது. ரேஷன் கடை, தாலுகா ஆபீஸ், பாங்கு, எந்த மேசையானாலும் அவள் விரலைப் பார்த்து முகம் சுளிக்காமல் விட்டதில்லை. ஜெயசீலன் சுளிக்கவில்லை. இருபத்திரண்டு கறுப்பு வட்டங்களையும் பார்த்து, நன்றாக விழுந்திருக்கிறது, அடுத்தவர் வாருங்கள் என்று சொல்லிக்கொண்டே போனான். அந்த மரியாதையில்தான் அவளுக்கு அவன்மேல் இருந்த கொஞ்சநஞ்ச சந்தேகமும் போனது. இப்போது யோசித்தால், ரேகை தேவைப்படாதவன் மட்டும்தான் அந்த மரியாதையைக் காட்ட முடியும்.

மறுநாள் ரசீதை எடுத்துக்கொண்டு திண்டிவனத்துக்குப் பஸ் ஏறினாள். மையத்தின் கதவு எண் அறுபத்து நாலு என்று போட்டிருந்தது. தெரு நாற்பத்தொன்றோடு முடிந்து, அதற்கு அப்பால் எருமை கட்டியிருந்தது.

திரும்பி வருகிற பஸ்ஸில் கணக்குப் போட்டாள். இருபத்திரண்டு நூற்றிருபது, இரண்டாயிரத்து அறுநூற்று நாற்பது. காதில் கிடந்த கம்மல் அந்த அளவுக்குத் தாங்கும். அடகு வைத்து, திட்டம் ரத்தாகிவிட்டதாம், பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள் என்று பங்கிட்டுக் கொடுத்தால் வாக்கு அப்படியே இருக்கும். யாருக்கும் தெரியாது. பெருமுக்கல் மலை ஜன்னலில் வந்து பின்னால் போகிறவரை இந்த ஏற்பாடு அவளுக்கு நன்றாகத்தான் பட்டது. மலை மறைந்த பிறகு உறுத்தியது. கொட்டாத கூடைக்குக் கிளிஞ்சல் போடுகிற வேலை அல்லவா இது? அவனும் அடுத்த ஊர் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருப்பான்.

காலையில் அம்பாரத்தடியில் எல்லோரையும் நிறுத்தி, உள்ளதை உள்ளபடி சொன்னாள். அந்தோணியம்மாள் தலைச் சும்மாட்டைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள். கொளஞ்சியோடு ஒரே நாளில் அளத்துக்கு வந்தவள், நாக்கில் எப்போதும் கல் உப்பு வைத்திருப்பவள்.

"கூடை எண்ணத் தெரிஞ்ச அளவுக்கு மனுஷன எண்ணத் தெரியலியேடி உனக்கு."

அதைக்கூடத் தாங்கிக்கொண்டாள். தாங்க முடியாதது சாயங்காலம் நடந்தது. சட்டியைக் கவிழ்த்ததும் சின்னப்பாப்பா குனிந்து, கிளிஞ்சலை ஒவ்வொன்றாகத் தள்ளி எண்ணினாள். கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆனால் எண்ணினாள்.

அன்றே கொளஞ்சி போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். அங்கிருந்த ஏட்டு ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அவனைத் தேடிக்கொண்டு நாங்கள் எங்கே போவது, மறுபடி வந்தால் சொல்லி அனுப்புங்கள், உடனே வருகிறேன் என்றார். வந்தால் என்றார். அவன் ஏன் வரவேண்டும்? ஏமாந்த வாசலுக்கு ஏமாற்றியவன் திரும்பி வருவதென்றால், வராமல் இருப்பதில் நஷ்டம் இருக்க வேண்டும்.

சவரிமுத்து டீக்கடையில் இருந்த ஒரு ரூபாய் போனில் காசைப் போட்டு, ரசீதில் இருந்த நம்பருக்குப் பேசினாள். பக்கத்து அளத்தில் நாற்பது பேர் அட்டை கேட்கிறார்கள், சனிக்கிழமை கூலி கைக்கு வரும், வீடு வீடாக அலைய வேண்டாம், எல்லோரையும் அம்பாரத்தடியில் உட்கார வைக்கிறேன் என்றாள். உனக்கு எதற்கும்மா இந்த அக்கறை என்று கேட்டான். அவன் சந்தேகப்படுகிறான் என்று புரிந்தது. ஒரு களவாணிக்கு நம்பிக்கை வரவேண்டுமென்றால் எதிராளியும் பங்கு கேட்க வேண்டும். கேட்டாள்.

"சும்மா ஒண்ணும் ஆள் புடிச்சித் தர மாட்டேன் சார். வெரலுக்கு அம்பது ரூவா குடுத்துருங்க."

அவன் குரல் உடனே மலர்ந்துவிட்டது. பத்து என்றான். அப்படியானால் வேண்டாம் என்றாள். இருபது என்றான். இரண்டாவது ரூபாய் தீர்ந்து மூன்றாவதைப் போட்ட பிறகு முப்பதுக்குப் படிந்தது. படியாமல் போயிருந்தால் அவளுக்கே கொஞ்சம் வருத்தமாக இருந்திருக்கும்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வரப்பு வழியாக வண்டியை மெல்ல ஓட்டிக்கொண்டு ஜெயசீலன் வந்தான். அம்பாரத்தின் நிழலில் நிறுத்தினான். ஓலைப் பாயில் பக்கத்து அளத்துப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைப் பேசிச் சேர்த்தது அந்தோணியம்மாள். கன்னியப்பன் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் புறப்பட்டார். கொளஞ்சி சோப்பு, எண்ணெய்க் கிண்ணம், வாளித் தண்ணீர், துண்டு எல்லாவற்றையும் அவனுக்காகப் போட்டிருந்த மேசைக்குப் பக்கத்தில் வைத்தாள். முதலில் ரேகை, கடைசியில் எல்லோருக்கும் சேர்த்துக் காசு என்றாள்.

முதல் பெண் விரலை வைத்தாள். கறுப்பு வட்டம். நன்றாக விழுந்திருக்கிறது என்றான்.

"எங்க சார் வுழுந்துச்சி?" கொளஞ்சி காகிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "ஏய், போய் சோப்புப் போட்டுட்டு வா."

"பரவால்லம்மா, எப்படி இருந்தாலும் ஓகேதான்."

"அதெப்படி சார்? பாங்குல நாலு வாட்டி வெக்கச் சொல்றாங்க. உங்க ஆபீஸு அத விடச் சின்ன ஆபீஸா?"

சோப்பு, எண்ணெய், துண்டு. இடது விரல், வலது விரல், மறுபடியும் இடது. பாங்கிலும் தாலுகா ஆபீசிலும் பட்ட பாடு எல்லாவற்றையும் ஒவ்வொருத்தியும் வட்டியோடு திருப்பிச் செலுத்தினாள். ஒருத்தி ஐந்து தரம் வைத்துவிட்டு, ஆறாவது தரத்துக்குப் புதுக் காகிதம் கேட்டாள். வெயில் ஏறியது. மசிப் பெட்டி காய்ந்தது. அதற்கும் எண்ணெய் விட்டார்கள்.

அவன் முதுகுக்குப் பின்னால் கூடைகள் வந்துகொண்டே இருந்தன. உப்பளத்தில் யாருக்காகவும் சுமை நிற்பதில்லை, அதனால் அவன் திரும்பிப் பார்க்கவில்லை. எந்தப் பக்கம் கொட்டுகிறார்கள் என்பது அந்தோணியம்மாளின் ஏற்பாடு. கொளஞ்சிக்கே சொல்லவில்லை. ஆனாலும் கை பழக்கத்தில் சட்டியில் கிளிஞ்சலைப் போட்டுக்கொண்டிருந்தது.

பதினாறாவது விரலில் அவனுக்கு வேர்த்துவிட்டது. மீதியை அடுத்த வாரம் பார்க்கலாம் என்று பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தான். திரும்பினான். வண்டி நின்ற இடத்தில் வெள்ளை வெளேரென்று உப்பு. உச்சியில் ஒரு கண்ணாடி மட்டும் எட்டிப் பார்த்தது.

"என் வண்டி எங்க?"

"உள்ளதான் இருக்குது சார்" என்றாள் அந்தோணியம்மாள். "உப்புல போட்டது எதுவும் கெட்டுப்போவாது."

அவன் முகத்தில் இருந்த ஈரம் அப்படியே வற்றியது. கொளஞ்சி மடியிலிருந்து ரசீதை எடுத்துப் பிரித்தாள்.

"நாப்பத்தொண்ணுக்கு அப்புறம் எருமதான் சார் கட்டியிருக்குது. அறுபத்து நாலு எங்க இருக்குதுன்னு சொல்லுங்க, நாங்க வந்து அட்டைய வாங்கிக்கிறோம்."

வரப்பின் இரண்டு பக்கமும் கணுக்காலளவு சேறு. ஒரே வழியில் சுமக்கிற இருபத்திரண்டு பெண்கள், இடுப்பில் கூடையோடு. அவன் உட்கார்ந்தான். பிறகு பேரம் ஆரம்பித்தது. ஆயிரத்துக்கு வண்டியை எடுத்துத் தருவீர்களா என்றான். நேரம் ஆக ஆகச் செயினைத் துரு தின்னும் என்று யாரோ பொதுவாகச் சொன்னார்கள். ஆயிரத்து ஐந்நூறு என்றான். கடைசியில் பணப்பையை எடுத்துத் தலைகீழாகக் கவிழ்த்தான். இரண்டாயிரத்து இருநூறு இருந்தது, அதற்கு மேல் சட்டைப் பையில் ஒரு சீப்புதான். கொளஞ்சி இரண்டு தரம் எண்ணி முந்தானையில் முடிந்துகொண்டபோது கன்னியப்பனின் சைக்கிளும், அதன் பின்னால் ஏட்டின் மோட்டார் சைக்கிளும் வரப்பில் தெரிந்தன.

"காசக் குடுத்துட்டனேம்மா."

"காசு கணக்கு தீந்துச்சி. அவரு வேற கணக்குக்கு வர்றாரு."

ஏட்டு அவன் பையை உதறினார். அடியில் பிரம்மதேசத்துக்கும் பொம்மையார்பாளையத்துக்கும் தனித்தனியாக இரண்டு ரசீதுப் புத்தகம், இன்னும் ஒரு தாள்கூடக் கிழிக்காமல் இருந்தன. அதைப் பார்த்துக் கொளஞ்சிக்கு, கம்மலை அடகு வைக்காததற்காக முதல்முறையாக மனம் லேசானது. மறுநாள் ஞாயிறு. அவளும் அந்தோணியம்மாளும் இரண்டு ஊருக்கும் போய் வாசல் வாசலாக நின்று, நடந்ததைச் சொன்னார்கள். பிரம்மதேசத்தில் ஒருத்தி, இதைச் சொல்ல எவ்வளவு காசு என்று கேட்டாளாம். இந்த ஊர் தேறிவிடும் என்று அந்தோணியம்மாள் முடிவுகட்டினாள்.

உப்பளத்திலும் ஒரு நடைமுறை வந்தது. யார் காகிதத்தோடு வந்தாலும் தண்ணீர் கொடுப்பது, பெயரும் வண்டி நம்பரும் எழுதிக்கொள்வது, ஓர் ஆள் பஸ் ஏறிப்போய்க் கதவு எண்ணைப் பார்த்து வருகிறவரை ஒரு பைசா கொடுப்பதில்லை. வைகாசியில் உண்மையாகவே கூரைக்குத் தகடு கொடுக்க வந்தவர்கள் ஒரு நாள் காத்திருந்தார்கள். வருத்தப்படவில்லை. இந்த மாதிரி எல்லா ஊரிலும் கேட்டால் எங்களுக்கும் நல்லதுதான் என்றார்கள்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலமே ஆளுக்கு நூறு ரூபாய் திரும்பிவிட்டது. மீதி இருபதைக் கொளஞ்சி தன் பெயரில் பாக்கி என்று நோட்டில் எழுதப்போனாள். அந்தோணியம்மாள் கையைப் பிடித்தாள்.

"நீ சொன்ன, சரி. கண்ணத் தொறந்துக்கிட்டுத்தான நாங்களும் குடுத்தோம்? அவன் பேர்ல எழுது. வெரலுக்கு முப்பதுன்னு ஒத்துக்கிட்டான் இல்ல, அந்தக் கமிஷன் என்னா ஆச்சு?"

கொளஞ்சி சட்டியைக் கவிழ்த்தாள். சின்னப்பாப்பா பக்கத்தில்தான் நின்றிருந்தாள். குனியவில்லை. "எவ்ளோக்கா?" என்று மட்டும் கேட்டாள், சொன்னதை வாங்கிக்கொண்டு கூடையைக் கழுவப் போனாள். கொளஞ்சி சிறிது நேரம் கிளிஞ்சல்களைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு நோட்டைப் பிரித்து எழுதினாள்.

ஏமாந்தது, 22 பேர், 120 வீதம்: 2,640.
திரும்பியது: 2,200.
குறைவு: 440.
பஸ் 24, போன் 3, சோப்பும் எண்ணெயும் 13, ஆகச் செலவு: 40.
வண்டிமேல் கொட்டியது 43 கூடை. கூலி இல்லை, ஆசைக்குக் கொட்டியது.
ஜெயசீலன் தரவேண்டிய கமிஷன், 16 விரல், 30 வீதம்: 480.
அவன் ஜெயிலிலிருந்து வெளியே வந்து கொடுத்தால் கணக்கு நேர். அதுவரை பாக்கி.