யன்னலுள்ள அறைகள் எத்தனை?

1.
இந்தக் கதை கல்லூரிக்கு எழுதிக் கொடுக்கவேண்டிய ஒப்படையாகத்தான் பிறந்தது. தலைப்பு: ஸ்கொட்லாந்தின் நாட்டுப்புற மாவட்டமொன்றில் இரண்டு குடிசனக் கணக்கெடுப்புகளுக்கு இடையே ஆட்களும் வீடுகளும் மாறிய விதம். ஒக்லாந்தில் இருந்துகொண்டு இதை ஏன் தெரிவு செய்தாய் என்று கேட்காதீர்கள். தெரிவுக்கு இருந்த மற்றத் தலைப்பு உரம்.

முதல் தொடக்கம்: "பனி கொட்டிக்கொண்டிருந்தது. கிழவர் மக்கே தன் வீட்டு…" [வெட்டிவிட்டேன். பனியை நான் ஃபிறிஜ்ஜுக்குள் மட்டுமே பார்த்திருக்கிறேன்.]

2.
அட்டவணையில் ஆட்கள் குறைகிறார்கள், அறைகள் கூடுகின்றன. அந்தக் காலப் படிவத்தில் ஒரு கேள்வி உண்டு: யன்னலுள்ள அறைகள் எத்தனை? யன்னல் இல்லாவிட்டால் அறையென்றே எண்ணமாட்டார்கள்.*

(*இங்கே கதாசிரியர் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தார்.)

3.
ஆகவே மக்கேயை நீக்கிவிட்டு சில்வெஸ்ரர் மாமாவைப் போடுகிறேன். மன்னார்க்காரர், தச்சர், எங்களுக்குச் சொந்தமே இல்லை. பன்னிரண்டு வருடங்களுக்கு முன் அகதிகளாக வந்த எங்கள் நால்வருக்கும் ஒக்லாந்தின் தெற்கே பாபகூராவில் தன் வீட்டுக் கராஜைத் தந்தவர். முதல் ஞாயிறே பூசை முடிந்து வந்து அதன் சுவரை அறுக்கத் தொடங்கினார்.

"என்ன அண்ணை செய்யிறியள்?" அப்பா பதறினார்.

"காருக்கு யன்னல் தேவையில்லை. மனிசருக்கு வேணும்."

"பூசைக்குப் போட்ட அந்த நல்ல சேட்டையாவது கழட்டிப்போட்டு வெட்டுங்கோவன்!" இது அவர் மனைவி மாகிரட் மாமி.

மூன்று வருடம் அங்கே இருந்தோம். இப்போது மங்கரேயில் எங்களுக்கும் வீடு, கராஜ் நிறைய அட்டைப்பெட்டிகள். அப்பா மாமாவுக்கு ஒருநாளும் நன்றி சொன்னதில்லை. நெருங்கியவர்களிடம் அதைச் சொன்னால் அந்நியமாகிவிடும். அந்தச் சொல்லுக்கு எங்கள் ஆட்களிடையே ஒரு மேடையும் மைக்கும் வேண்டும்.

4.
திங்கட்கிழமை மாமாவின் பாபகூரா வீட்டை இடிக்கிறார்கள். அந்தக் காணியில் ஆறு வீடுகள் வரும். மாமாவும் மாமியும் நகரின் மறுகோடிக்கு, வெஸ்ட்கேட்டுக்குப் போகிறார்கள். (அடுத்த கணக்கெடுப்பில் ஐந்து வீடுகள் கூடும். அந்த யன்னல் அட்டவணையின் எந்த நிரலிலும் வராது.) இடிக்க முன் யாராவது நன்றி சொல்லியாக வேண்டும். சனிக்கிழமை நான் போனேன்.

முடிவு அ: சொல்கிறேன், மாமா அழுகிறார். [பொய். றக்பியில் தோற்றால் மட்டுமே அழுவார்.]

முடிவு ஆ: சொல்லாமல் திரும்புகிறேன். [இதை அப்பா ஏற்கெனவே எழுதிவிட்டார்.]

5.
நடந்தது இது. மாமா கராஜில் யன்னலின் திருகாணிகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"மாமா, ஒரு விசயம் சொல்லோணும்."

"சோதினையில பெயிலோ?"

"இல்லை. இந்த யன்னலுக்கு… நாங்கள் ஒருத்தரும் உங்களுக்கு ந—"

"கதைய விட்டிட்டு அங்கால பிடியடா. உங்கட வீட்டுக்குத்தான் கொண்டுபோறம்."

"எங்கட வீட்டுக்கோ?"

"உன்ர அப்பர் ஒண்டும் சொல்லேல்லையே? அடுத்த கிழமை ஆரோ ஒரு குடும்பம் புதுசா வருதாம். கராஜைக் குடுக்கிறாராம். யன்னல் இல்லாமக் கிடக்கு அண்ணை, வந்து வெட்டித் தாங்கோ எண்டு நேற்று ஃபோன் எடுத்தவர்."

யன்னல் சட்டம் நல்ல பாரம். என் இரண்டு கைகளும் அதில் இருக்கின்றன, இனி எழுத முடியாது. மேலே பாதியில் நிற்கும் அந்தச் சொல்லை நீங்களே முடித்துவிடுங்கள். மெதுவாக. மாமாவுக்குக் கேட்டால் பேச்சு விழும்.