ஆறாவது வேலை

அங்கமுத்து உரலைத் தொடுவதற்கு முன்பே சட்டித் தண்ணீரை ஒரு கை அள்ளித் தெளித்துவிட்டான்.

"போச்சு!" கணக்கர் தானியேல் சுவரில் கரிக்கோடு கிழித்தார். "அஞ்சு நாளா இதே தப்பு. இன்னாய்யா, தண்ணி மேல அவ்ளோ ஆசை?"

ஆசையெல்லாம் இல்லை. படகைத் தள்ளுமுன் அதன்மேல் ஒரு கை ஏரித் தண்ணீர் தெளிப்பது அவன் குப்பத்து வழக்கம். வேலை என்றதும் கை தன் பாட்டுக்குப் போய்விடுகிறது.

முகத்துவாரத்தை மணல் மூடி நாலு மாதம். ஏரியில் மீன் இல்லை. பழவேற்காட்டில் ஒல்லாந்துக் கப்பல்களுக்கு வெடிமருந்து இடித்துக் கொடுக்கும் குத்தகைக்காரர் சுப்பராயலுதான் ஆள் எடுத்தார். எட்டு வேலை, வரிசை மாறக் கூடாது. வெடியுப்பு, கரி, கந்தகம் மூன்றையும் தனித்தனியே இடிக்க வேண்டும். பிறகு சலித்து, கலந்து, தண்ணீர் தெளித்து, சேர்த்து இடித்து, காயவைக்க வேண்டும். மூன்று நாள் கோடு விழாவிட்டால் வேலை, தினம் இரண்டு படி அரிசி. விழுந்தால் வெறுங்கை.

வீட்டில் பிள்ளைகள் வறுத்த புளியங்கொட்டையைத்தான் மென்றுகொண்டிருந்தன. அன்று அவன் மனைவி குப்பம்மா அவனுடைய வலது கையை இடுப்போடு சேர்த்துத் துணியால் கட்டினாள்.

"சொல்லு. மொதல்ல இன்னா?"

"வெடியுப்பு."

"அப்புறம்?"

ஐந்து வரை சொன்னான். ஆறுக்குத்தான் அவிழ்த்துவிட்டாள். தினமும் இப்படியே நடந்தது. பிறகு மூன்று நாள் சுவரில் கோடு விழவில்லை.

"தேறிட்டே," என்றார் தானியேல். "ஆறாவத மட்டும் மறந்துடாத. ஈரமில்லாம இடிச்சா பொறி பறக்கும். இந்தக் கொட்டாய்க்கு ரெண்டு வாட்டி கூரை மாத்தியாச்சு."

வேலையில் சேர்ந்த முதல் நாள். ஐந்தை முடித்துவிட்டு அங்கமுத்து தண்ணீர்ச் சட்டியருகே போனான். சுப்பராயலு அதைக் காலால் தள்ளிவிட்டார்.

"தண்ணி வேணாம். சாயங்காலம் கப்பல் கெளம்புது. ஈரம் காய ரெண்டு நாளாவும். அப்டியே இடி."

"ஆறாவது வேலைங்களே, அது..."

"இஷ்டமில்லேன்னா போ. வெளிய முப்பது பேரு நிக்கிறான்."

அங்கமுத்துவுக்குக் கோபம் வரவில்லை, பயமும் வரவில்லை. நெடுநேரம் தண்ணீரில் நின்ற கால் மாதிரி உடம்பு முழுக்க மரத்துப்போயிருந்தது. இரண்டு படி அரிசியை மட்டும் நினைத்துக்கொண்டான்.

சுப்பராயலு தானியேலையும் கூட்டிக்கொண்டு வெளியே போனார். வேலியைத் தாண்டி, பனைமரங்களைத் தாண்டி, ஏரிக்கரை வரைக்கும் போய் நின்றுகொண்டு, அங்கிருந்தே ஆரம்பிக்கச் சொல்லிக் கையசைத்தார்.

அங்கமுத்து உலக்கையைத் தூக்கினான்.